நெல்லைச் சீமையில் விடுதலைக் கால அரசியல் அட்டைகளைச் சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் பழைய அரசியல் அஞ்சலட்டைகளையும் அவற்றை ஒத்த சிறு அச்சுப் படங்களையும் தேடிச் சேர்த்துவருகிறேன். இதே நாட்டம் கொண்டவர்கள் நேரிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு நீண்ட விடை தேவைப்பட்டது. சிலவற்றுக்கு ஒரு வரி போதுமாயிருந்தது.

இந்தச் சேகரிப்பில் எவையெல்லாம் அடங்கும்?

கண்டிப்பான பொருளில் பார்த்தால், ஒரு பக்கம் படமும் மறுபக்கம் முகவரிக்கான இடமும் கொண்டு, ஒரு கட்சியின், இயக்கத்தின் அல்லது அரசின் கருத்தைப் பரப்புவதற்காக அச்சிடப்பட்ட அட்டை மட்டுமே அரசியல் பட அஞ்சலட்டை. அந்த வரையறையைக் கட்டிக்கொண்டு நம் ஊரில் தேடினால் ஆயுளில் ஒரு ஆல்பம்கூட நிறையாது. ஆகவே அட்டை அளவுக்கு வெட்டப்பட்ட வண்ணப் படங்கள், தலைவர்களின் புரோமைடு படங்கள் (புகைப்படத் தாளில் எடுத்த பிரதிகள்), கோஷம் அச்சிட்ட அரசாங்கக் கார்டுகள், துண்டறிக்கைகள், தீப்பெட்டி லேபிள்கள், காலண்டர் படங்களின் கீழே ஒட்டிய சிறு படங்கள் ஆகியவற்றையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். காலத்தைப் பொறுத்தவரை, 1905-இல் வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கத்தில் தொடங்கி 1948 வரை என்று வரம்பு வைத்திருக்கிறேன். எந்த வரம்பும் இல்லாமல் சேர்ப்பவரின் வீட்டில் சில ஆண்டுகளில் சேகரிப்பு இருக்காது, குப்பைதான் இருக்கும்.

விடுதலைப் போராட்டத்தில் இவ்வளவு முன்னின்ற ஊரில் இவை ஏன் இவ்வளவு அரிதாகக் கிடைக்கின்றன?

முன்னின்றதுதான் காரணம். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும், மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியில் நான்கு பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும், அதைத் தொடர்ந்து தண்டக் காவல் படையும் வழக்குகளும் வந்ததும் ஊரையே அஞ்ச வைத்தன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் கலெக்டர் ஆஷை செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற பிறகு நடந்த சோதனைகளில் ஒரு துண்டுத் தாள் அகப்பட்டாலும் போதும், வீட்டுக்காரர் விசாரணைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வழக்கில் சிக்கிய தமிழ்த் துண்டறிக்கைகளில், பரங்கியரை அழிப்பது என்னும் பொருளில் ஒரு பொய்யான அச்சகப் பெயரே போட்டிருந்தது. இத்தகைய தாள்களை வைத்திருந்த குடும்பங்கள் அவற்றை அடுப்பில் இட்டன, அல்லது தாமிரபரணியில் விட்டன. எஞ்சியவை மறைத்து வைக்கப்பட்டவை மட்டுமே.

இன்னொரு காரணமும் உண்டு. அஞ்சலட்டை மூடாமல் போகும் கடிதம். தபால்காரர் முதல் அஞ்சலக அதிகாரி வரை எவரும் படிக்கலாம். 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் அஞ்சலில் செல்பவற்றைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தையும் அரசுக்கு அளித்திருந்தது. எனவே ஆட்சிக்கு எதிரான படமுள்ள அட்டையைத் தபால்தலை ஒட்டித் தபாலில் போடத் துணிந்தவர் மிகச் சிலர். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை முகவரிப் பக்கம் வெறுமையாக இருப்பவை, அல்லது உறைக்குள் வைத்து அனுப்பியதால் முத்திரை விழாதவை.

எங்கே தேட வேண்டும்?

பழைய பேப்பர் கடைகளிலும் காயலான் கடைகளிலும் தேடலாம். காயலான் கடை என்ற பெயரே நம் காயல்பட்டினத்து வணிகர்களிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அங்கே எடைக்கு வரும் கட்டுகளில் பாடப்புத்தகமும் செய்தித்தாளும்தான் மிகுதி. என் அனுபவத்தில் சிறந்த இடம், படத்துக்குக் கண்ணாடி போடும் கடை. பழைய சாமி படத்துக்குப் புதுச் சட்டம் போடக் கொடுப்பவர்கள் பின்பலகையைக் கழற்றிப் பார்ப்பதில்லை. கடைக்காரர் அதைக் கழற்றி மூலையில் எறிவார். அந்த மூலையைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

தென்காசிப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சுப்பிரமணியர் படம் அப்படித்தான் என் கைக்கு வந்தது. துருப்பிடித்த ஆணிகளை நெம்பிப் பலகையை எடுத்தபோது, முருகன் படத்துக்கும் பலகைக்கும் நடுவே, முகம் பலகையைப் பார்த்தபடி இன்னொரு படம் இருந்தது. மூன்று இளைஞர்கள் தங்கள் தலைகளைப் பாரத மாதாவின் காலடியில் காணிக்கையாக வைக்கும் வண்ணப் படம். அதைக் கத்தரியால் அஞ்சலட்டை அளவுக்கு வெட்டியிருந்தார்கள். அச்சகப் பெயர் இருந்திருக்க வேண்டிய கீழ் ஓரம் நேர்த்தியாக நீக்கப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் பென்சிலில் புண்ணாக்குக் கணக்கு. அந்த வீட்டார் எவருக்கும் அது அங்கே இருந்தது தெரியாது.

டிரங்குப் பெட்டி மூடிகளின் உட்புறம், பேரேடுகளின் அட்டைக்குள், மச்சில் கிடக்கும் பஞ்சாங்கக் கட்டுகள், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போய்வந்தவர்களின் பெட்டிகள் ஆகியவையும் பயன் தரும். வீட்டுப் பெரியவர்களிடம் ‘அரசியல் அட்டை இருக்கிறதா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் விடை வரும். ‘பழைய காந்தி படம், போஸ் படம் ஏதாவது உண்டா, தாத்தா?’ என்று கேளுங்கள்.

ஓர் அட்டையின் காலத்தை எப்படிக் கணிப்பது?

ஒரே அடையாளத்தை நம்பாமல், பல அடையாளங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். முதலில் படத்திலுள்ள கொடியைப் பாருங்கள். மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு என்று இராட்டையுடன் இருந்தால் அது 1921-க்குப் பின் காங்கிரஸ் பயன்படுத்திய கொடி. காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையும் நடுவில் இராட்டையும் இருந்தால் 1931-க்குப் பிந்தியது. இராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரம் இருந்தால் 1947 ஜூலை 22-க்கு முன்பு அச்சாகியிருக்க முடியாது. பகத் சிங் தூக்கிலிடப்பட்ட ஆண்டிலேயே அச்சான மூலப்படம் என்று ஒருவர் எனக்குக் காட்டிய அட்டையில் பின்னணியில் சக்கரக் கொடி பறந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. அவரும் யாரிடமோ அப்படியே நம்பி வாங்கியிருந்தார்.

அரசாங்கக் கார்டாக இருந்தால் அதில் அச்சிட்ட தபால்தலையும் விலையும் காலத்தைச் சொல்லும். இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலை 1 அன்று காலணா விலையில் வந்தது. 1922-இல் அது அரையணாவாயிற்று. ஏழாம் எட்வர்டின் தலை இருந்தால் 1902-க்குப் பின்னும், ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால் 1911-க்குப் பின்னும், ஆறாம் ஜார்ஜ் இருந்தால் 1937-க்குப் பின்னும் என்று கொள்ளலாம். நயா பைசா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. பின்கோடுக்கான ஆறு கட்டங்கள் அச்சிட்டிருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. இந்தக் கடைசி அடையாளத்தைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

வெளிநாட்டுப் பட அட்டைகளில் முகவரிப் பக்கம் நடுக்கோட்டால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வழக்கத்தை பிரிட்டன் 1902-இலும் ஜெர்மனி 1905-இலும் அமெரிக்கா 1907-இலும் ஏற்றன. கோடு இல்லாத பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. அத்தகைய அட்டைகளில் செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுதியிருப்பார்கள்.

அச்சக விவரமும் முக்கியம். 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்காலத்தில் இந்தியாவில் அச்சான தாள்கள் அச்சிட்டவர் பெயரையும் அச்சிட்ட இடத்தையும் தாங்கியிருக்க வேண்டியிருந்தது. எனவே அரசியல் படமொன்றில் அந்த வரி இல்லையென்றால், அதை வேண்டுமென்றே விட்டிருக்கலாம், அல்லது வைத்திருந்தவர் வெட்டியிருக்கலாம். ஓரங்கள் நான்கும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று அடிக்கோலால் அளந்து பாருங்கள். கீழ் ஓரம் மட்டும் ஒடுங்கியிருந்தால் கத்தரி அங்கே வேலை செய்திருக்கிறது.

போலியையும் மறுஅச்சையும் எப்படி இனம் காண்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்றும் போதும். இரண்டையும் சேர்த்தாலும் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

லென்ஸில் பார்க்கும்போது, கல்லச்சில் அடித்த பழைய வண்ணப் படத்தில் மணல் தூவினாற்போல் ஒழுங்கற்ற புள்ளிகள் தெரியும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலகி விழுந்திருக்கும். உலோகத் தகட்டில் பிளாக் எடுத்து அடித்த படத்தில் புள்ளிகள் வரிசையாக நின்று, இருட்டான இடத்தில் பெருத்தும் வெளிச்சமான இடத்தில் சிறுத்தும் இருக்கும். நான்கு நிறப் புள்ளிகள் ரோஜா இதழ்போல் வட்டமிட்டுச் சுழன்றிருந்தால் அது பிற்கால ஆப்செட் வேலை. புள்ளியே இல்லாமல் நிறம் தெளித்தாற்போல் இருந்தால் கணினி அச்சு, நேற்று அடித்ததாகவும் இருக்கலாம். உண்மையான புரோமைடு படத்தில் புள்ளிகளே இருக்காது. பழையதாக இருந்தால், சாய்த்துப் பார்க்கும்போது கருமையான ஓரங்களில் வெள்ளி பூத்தாற்போல் ஒரு மினுக்கம் தெரியும்.

ஊதா விளக்கின் கீழ் தாள் பளீரென்று நீல வெண்மையாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அத்தகைய தாள் 1950-க்கு முன் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய அட்டை பகல் வெளிச்சத்தில் கண்ணை ஏமாற்றும். இந்த விளக்கின்முன் அதன் வேஷம் கலைந்துவிடும். வயதால் வரும் பழுப்பு ஓரத்தில் மிகுந்து நடுவில் குறையும். தேநீர்ப் பழுப்போ எங்கும் ஒரே சீராக இருக்கும், அல்லது அலையலையாகத் தேங்கியிருக்கும்.

மறுஅச்சை வாங்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 1970-களில் அடித்த மறுஅச்சுக்கும் தனிக் கதை உண்டு. அதற்குரிய விலையைக் கொடுத்து, அப்படியே குறித்து வையுங்கள்.

படம் நன்றாக இருந்தால் போதாதா? பின்பக்கத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்?

ஒரே படம் ஆயிரக்கணக்கில் அச்சாகியிருக்கும். ஆனால் பின்பக்கம் ஒவ்வொரு அட்டைக்கும் தனி. ‘டின்னவெல்லி’ என்றோ ‘பாளம்கோட்டா’ என்றோ பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் விழுந்த முத்திரை, இன்ன தேதியில் இந்த அட்டை இந்த ஊரில் இருந்தது என்பதற்குச் சாட்சி. பென்சில் கணக்கும், குழந்தை கிறுக்கியதும், பசையின் தடமும், பலகையின் வரியும் அப்படிப்பட்ட சாட்சிகள்தாம். லாகூரிலோ கான்பூரிலோ அச்சான படத்தைத் தென்காசிக்காரர் ஒருவர் வெட்டி மறைத்து வைத்தார் என்று எனக்குச் சொன்னது அந்தப் புண்ணாக்குக் கணக்கு. பாரத மாதாவின் படம் மட்டும் அதைச் சொல்லியிருக்காது.

ஆகையால் எதையும் தொடுவதற்கு முன், அது எங்கே, எதற்கு அடியில், எதோடு சேர்ந்து இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, ஊர், யாரிடம் கிடைத்தது ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள். அட்டையின்மேல் பேனாவால் எண் போடாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால் மூலையில் அழுத்தாமல் எழுதலாம்.

வ.உ.சி.யின் படமுள்ள, அந்தக் காலத்திலேயே அச்சான அட்டை கிடைக்குமா?

எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. கிடைத்ததாகச் சொல்லிக் காட்டப்பட்டவை பெரும்பாலும் விடுதலைக்குப் பின் அச்சானவை, அல்லது 1972 செப்டம்பர் 5 அன்று அவருடைய நூற்றாண்டுக்கு வெளியான தபால்தலையை ஒட்டி உருவானவை. சுதேசிக் கப்பல் கம்பெனி சார்ந்த தாள்கள் வேறு வகை. 1906 அக்டோபரில் பதிவான அந்தக் கம்பெனி, தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று 10 லட்சம் ரூபாய் மூலதனத்தைத் திட்டமிட்டது. அதன் பங்குப் பத்திரம் ஒன்று கைக்கு வந்தால், அதைச் சேகரிப்பில் வைப்பதா நூலகத்துக்குக் கொடுப்பதா என்று இரண்டு நாள் யோசியுங்கள்.

பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழ் இந்த வரிசையில் தனியாகக் குறிப்பிடத் தக்கது. 1906 முதல் சென்னையிலும், 1908 முதல் புதுச்சேரியிலுமாக வெளிவந்த அது, தமிழில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்ட முதல் இதழ். முகப்பிலிருந்து கருத்துப்படத்தை மட்டும் வெட்டியெடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்கினால், அடுத்த இதழையும் வெட்டுவதற்கு நாமே கூலி கொடுத்ததாகிறது.

பகத் சிங் அட்டைகள் மட்டும் ஓரளவு கிடைக்கின்றனவே, ஏன்?

பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் 1931 மார்ச் 23 அன்று லாகூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்ட பின், வட இந்திய அச்சகங்கள் பல வகைப் படங்களை அடித்துத் தள்ளின. தொப்பி அணிந்த உருவம், 1929 ஏப்ரலில் மத்தியச் சட்டசபையில் குண்டு வீசுவதற்கு முன் டெல்லியில் எடுத்த ஸ்டுடியோப் படத்திலிருந்து வந்தது. எழுத்தறியாதவர்களுக்கும் அந்தத் தொப்பி ஆளைக் காட்டிக்கொடுத்தது. 1931-இல் வந்த அச்சகச் சட்டத்தின்கீழ் இத்தகைய படங்கள் பல தடை செய்யப்பட்டன. தமிழ்நாட்டிலும் அவர்மீது பெருங்கவனம் இருந்தது. 1931 மார்ச் 29 அன்றே ‘குடி அரசு’ இதழில் பெரியார் பகத் சிங்கைப் பற்றித் தலையங்கம் எழுதினார். படம் மிகுதியாக அச்சானதால் தடையையும் தீயையும் தாண்டிச் சில தப்பின. மிகுதியாக அச்சானதாலேயே மறுஅச்சும் மிகுதி. வாங்குமுன் லென்ஸை எடுங்கள்.

ஆங்கில அரசின் பிரசார அட்டைகளையும் சேர்க்க வேண்டுமா?

சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்தின் குரலை மட்டும் சேர்ப்பவருக்கு, அது எதற்குப் பதிலாக எழுந்தது என்பது விளங்காது. 1911 டெல்லி தர்பாரின் முடிசூட்டு அட்டைகள், முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்ற இந்தியச் சிப்பாய்களைக் காட்டும் அட்டைகள், போர்க் கடன் விளம்பரங்கள் ஆகியவை ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களின் குடும்பங்களில் இன்றும் ஒழுங்காக ஆல்பத்தில் ஒட்டப்பட்டுக் கிடைக்கின்றன. அவற்றை ஒளித்து வைக்க வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

ஜெர்மனியின் பக்கத்திலிருந்து வந்த எம்டன் கப்பல் அட்டைகளும் சுவையானவை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய அந்தக் கப்பலை ஜெர்மனி வீரச் சின்னமாக அட்டைகளில் அச்சிட்டுப் பரப்பியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதை முடக்கியது. ஆனால் பெயர் நம் மொழியில் தங்கிவிட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்லாத திண்ணை உண்டா?

வீட்டில் ரஷ்யப் புரட்சி அட்டைகள் இருக்கின்றன. அவை 1917-ஐச் சேர்ந்தவையா?

பெரும்பாலும் இருக்காது. சோவியத் காலத்தில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக மலிவு விலையில் நம் ஊர்களுக்கு வந்தன. ‘சோவியத் நாடு’ இதழும் வந்தது. தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளர்கள் வீடுகளில் அவற்றோடு சேர்ந்து பட அட்டைகளும் கிடைக்கின்றன. அவற்றில் பல, புரட்சிக் காலச் சுவரொட்டிகளின் பிற்கால மறுஅச்சுகள். எடுத்துக்காட்டாக, டிமித்ரி மூர் 1920-இல் வரைந்த, செம்படை வீரன் நேரே விரல் நீட்டி ‘நீ சேர்ந்துவிட்டாயா?’ என்று கேட்கும் சுவரொட்டி பலமுறை மறுபடியும் அச்சானது.

பின்பக்கத்தைப் பாருங்கள். சோவியத் அட்டைகளில் பதிப்பகம், ஆண்டு, அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை, கோபெக்கில் விலை ஆகியவை சிறிய எழுத்தில் இருக்கும். நம் பதிப்பாளர்கள் இன்றும் கற்றுக்கொள்ளாத நல்ல வழக்கம் இது. மொழி தெரியாதவர்களுக்கும் உதவும் ஒரு குறிப்பு உண்டு. 1918-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், மெய்யொலியில் முடியும் ரஷ்யச் சொற்களின் ஈற்றில், ஆங்கிலச் சிற்றெழுத்து ‘பி’யின் தலையில் இடப்பக்கமாகக் கொடி நீட்டினாற்போன்ற ஓர் எழுத்து வரும். சொல்லுக்குச் சொல் அது ஈற்றில் நின்றால் அட்டை பழையது. எங்கும் இல்லையென்றால் பெரும்பாலும் புதிய எழுத்துமுறையில் அச்சானது. சோவியத் கால மறுஅச்சுகளும் அரை நூற்றாண்டைத் தாண்டியவைதாம், தூக்கி எறிய வேண்டாம்.

தீப்பெட்டி லேபிள்களை இதில் சேர்ப்பது சரியா?

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் இருந்துகொண்டு அவற்றைச் சேர்க்காமல் விடுவதுதான் பிழை. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி வந்துகொண்டிருந்த நாட்டில், 1923 வாக்கில் சிவகாசியில் தொழில் தொடங்கியபின், லேபிளுக்காகவே வண்ண அச்சகங்களும் பெருகின. இராட்டை, காந்தி, பாரத மாதா, போஸ் என்று தலைவர்களும் சின்னங்களும் லேபிளில் ஏறி, அஞ்சலட்டை போகாத குடிசைக்குள்ளும் அடுப்பு மூட்டப் போயின. தெய்வப் படங்களால் பெயர்பெற்ற ஓவியர் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் கோவில்பட்டியில் இருந்தபடி சிவகாசிக் காலண்டர்களுக்கு வரைந்ததும் இதே உலகத்தைச் சேர்ந்ததுதான்.

டிரங்குப் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கும் படத்தை எப்படி எடுப்பது?

எடுக்காதீர்கள். பெட்டியோடு வாங்குங்கள், இயலாவிட்டால் படம் பிடித்துக்கொண்டு திரும்புங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொடக்க ஆண்டுகளில் சேரன்மகாதேவியில் ஒரு வீட்டில், பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பெட்டியின் மூடியில் போஸின் படமுள்ள அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. ஈரத் துணியை அரைமணி நேரம் வைத்து, சமையலறைக் கத்தியால் மெதுவாகத் தூக்கினேன். படம் முழுதாக வந்தது, எனக்குப் பெருமிதமாக இருந்தது. பிறகு மூடியைப் பார்த்தேன். பின்பக்கத்தின் மேல்தோல் பசையோடு இரும்பிலேயே நின்றுவிட்டது. அதில் தபால் முத்திரையின் பாதி வட்டமும், தலைகீழாக நான்கைந்து தமிழ் எழுத்துகளும் தெரிந்தன. கைப்பேசியில் படம் எடுப்பதற்குள் ஈரத்தில் மை பரவியது. அந்த அட்டை யாருக்கு, எங்கிருந்து வந்தது என்பது அந்த அரைமணி நேரத்தில் போய்விட்டது. படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. வருவோருக்கு அதைக் காட்டும்போது அதன் முதுகைத் திருப்பித்தான் காட்டுகிறேன்.

நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இவற்றை எப்படிப் பாதுகாப்பது?

மூன்று மாவட்டத்துக்கும் ஒரே விதி பொருந்தாது. செங்கோட்டை, குற்றாலம் பக்கத்தில் ஆனி ஆடிச் சாரலில் காற்று நனைந்திருக்கும். திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் ஐப்பசி கார்த்திகைதான் பூஞ்சைக் காலம். தூத்துக்குடிக் கரையில் உப்புக் காற்று ஆண்டு முழுவதும் இருக்கும். தாளைவிட அங்கே குண்டூசியும் கிளிப்பும்தான் முதல் எதிரி. அவை துருவேறித் தாளைத் தின்னும். முதல் வேலையாக அவற்றை நீக்குங்கள்.

அட்டையைப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையில் இடுங்கள். வழுவழுப்பாக, பிளாஸ்டிக் வாடை அடிக்கும் மலிவான ஆல்பங்கள் பிவிசியால் ஆனவை. சில கோடைகளில் அவை மையை உறிஞ்சிப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் செய்வது அட்டையைக் கொல்வதற்குச் சமம். ஒட்டும் டேப்பும் அப்படியே. உறையிட்டவற்றை அட்டைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். கரையானுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைப்பது சுவடி வைத்திருந்த வீடுகளின் வழக்கம். நானும் அதையே செய்கிறேன். அந்துருண்டையைத் தாளின் அருகே வைப்பதில்லை.

வெள்ளத்தில் நனைந்துவிட்டால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தாமிரபரணி கரை மீறியதும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது பலர் நனைந்த ஆல்பங்களை வெயிலில் விரித்து, காய்ந்தபின் பிரித்தார்கள். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உரிந்தன. நனைந்த அட்டைகளை வலிந்து பிரிக்காதீர்கள். சேறு இருந்தால் தட்டில் சுத்தமான நீர் ஊற்றி அலசுங்கள், தேய்க்க வேண்டாம். ஆனால் பேனா மையில் எழுதிய அட்டையை நீரில் அமிழ்த்தவே கூடாது. எளிதாகப் பிரிபவற்றை மை இல்லாத வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல் உலர்த்துங்கள். இரண்டு நாளைக்குள் உலர்த்த முடியாத அளவு மிகுதியாக இருந்தால், சிறு கட்டுகளாகப் பிளாஸ்டிக் பையில் இட்டு குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது. பிறகு வசதிப்படி ஒவ்வொரு கட்டாக எடுத்து உலர்த்தலாம்.

என்ன விலை கொடுக்கலாம்?

நிலையான விலைப் பட்டியல் என்று ஒன்று இல்லை. பெயர்பெற்ற தலைவர், முத்திரையுள்ள முகவரிப் பக்கம், வெட்டப்படாத ஓரம், அச்சக வரி, தமிழ் வாசகம் ஆகியவை விலையை ஏற்றும். கறையும் மடிப்பும் இறக்கும். ஆனால் மடிப்பைக் கண்டு ஒதுக்கிவிடாதீர்கள். சட்டைப்பையில் மறைத்துக் கொண்டுபோன அட்டையில் மடிப்பு இல்லாமல் இருக்குமா? இணைய ஏலத்தில் பார்த்த விலையை ஒரு முதியவரிடம் சொல்லி ஆசை காட்டுவதும், அவருக்கு மதிப்புத் தெரியாததைப் பயன்படுத்திப் பத்து ரூபாய்க்கு வாங்குவதும் ஒரே அளவு தவறு. நான் வாங்கும்போது நல்ல நகல் ஒன்று எடுத்துக் கண்ணாடி போட்டு அந்த வீட்டுக்கே கொடுத்துவிடுவேன். பல வீடுகளில் அதுதான் அவர்களுக்கு வேண்டியதாக இருந்தது.

சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

அந்நிய ஆட்சியின் தடைகள் இன்று உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்தும். வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டுகளைக் கடந்துவிட்டால் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது தடை செய்யப்பட்டது. துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள நண்பர் கேட்டார் என்று பழைய அட்டையைக் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள்.

இணையத்தில் பகிரலாமா?

வரைந்தவர் பெயர் தெரியாத படத்துக்குப் பதிப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். எனவே 1948-க்கு முற்பட்ட அத்தகைய படங்களுக்குப் பெரும்பாலும் தடையில்லை. பெயர் தெரிந்த ஓவியர் என்றால் அவர் இறந்து 60 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கொண்டையராஜு 1976-இல்தான் மறைந்தார் என்பதை நினைவில் வையுங்கள். பின்பக்கத்தில் குடும்பச் செய்தி எழுதியிருந்தால், அந்தக் குடும்பத்தாரின் ஒப்புதல் இல்லாமல் முகவரியையும் பெயரையும் வெளியிடுவது முறையன்று.

எனக்குப் பின் இந்தச் சேகரிப்பை யாரிடம் கொடுப்பது?

பிள்ளைகளுக்கு நாட்டம் இருந்தால் அவர்களிடம். இல்லையென்றால் நோட்டீசு, லேபிள், பாட்டுப் புத்தகம் என்று பிறர் கழித்த தாள்களின் மதிப்பறிந்த நிறுவனத்திடம் கொடுக்கலாம். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் அப்படிச் சேர்த்து வைத்ததிலிருந்துதான் 1994-இல் உருவானது. கொடுக்கும்போது அட்டைகளை மட்டும் கட்டிக் கொடுக்காமல், எது எங்கே கிடைத்தது என்று நீங்கள் எழுதிய நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். சாமி படத்தின் பின்பலகையையும் நான் எறியவில்லை. அதற்குள் இருந்த பாரத மாதா படத்தின் உறையெண்ணையே குறித்துத் தனிப் பையில் வைத்திருக்கிறேன்.